ஃப்ரெண்ட்ஸ் வந்தா நேரா பாண்டிச்சேரியா? கடலூர், சிதம்பரத்தை ரெண்டு நாள்ல இப்படிச் சுத்திக் காட்டுங்க!

"மச்சி, லாங் வீக்எண்டு வருது. உங்க ஊருக்கு வர்றோம்டா, சுத்திக் காட்டு!"

வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் விழுந்ததும் கடலூர்ப் பிள்ளைகள் பலர் யோசிக்காமல் தட்டும் பதில் ஒன்று உண்டு. "இங்க என்னடா இருக்கு? வாங்க, பாண்டி போயிடலாம்!"

விளைவு? நண்பர்கள் தூங்கி எழுந்தது உங்கள் வீட்டில். சாப்பிட்டது உங்கள் அம்மா வைத்த மீன் குழம்பு. ஆனால், இன்ஸ்டாவில் ஏறியதெல்லாம் பாண்டிச்சேரியின் மஞ்சள் சுவர். ஊருக்குத் திரும்பிய பிறகு அவர்கள் நினைவில் கடலூர் என்பது பாண்டிக்குப் பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான்.

பாண்டி நல்ல ஊர்தான், போகட்டும். ஆனால், ரெண்டு நாள் கையில் இருந்தால் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் உள்ள இந்த ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் காட்டுவதற்கு நிறைய இருக்கிறது. சிக்கல் என்னன்னா, எதை எப்போது காட்டுவது, என்ன சொல்லிக் காட்டுவது என்று நமக்கே யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதல்ல மேப்பைத் திறங்க

போனில் மேப்பைத் திறந்து, சாட்டிலைட் வியூவுக்கு மாற்றி, கடலூரிலிருந்து தெற்கே மெதுவாக நகர்த்துங்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம்னு வரிசையாக ஆறுகள் வந்து கடலில் சேர்வது தெரியும். கூடலூர் என்ற பெயர்தான் கடலூர் ஆனது என்று சொல்வதும் இதனால்தான். ஆறுகள் கூடுகிற ஊர்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகக் கோர்த்துக்கொள்ளும். ஆறு கடலில் சேரும் இடத்தில் படகு ஒதுங்க இடம் கிடைத்தது, துறைமுகம் வந்தது. துறைமுகம் இருந்ததால் வெள்ளைக்காரன் வந்தான், கோட்டை கட்டினான், சண்டை போட்டான். அதே முகத்துவாரத்துச் சேற்றில்தான் பிச்சாவரம் காடு வளர்ந்தது. அந்தக் காட்டில் வளரும் ஒரு மரத்தின் பெயர்தான் சிதம்பரத்தின் பழைய பெயர்.

நண்பர்களுக்கு 'டாப் 10 ஸ்பாட்ஸ்' லிஸ்ட் வேண்டாம். அது கூகுளிலேயே இருக்கிறது. இந்தக் கதையைக் காட்டுங்கள். அதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும்.

டைமிங் தப்பினா எல்லாம் போச்சு

இந்தப் பக்கம் வருகிற பலரும் செய்வது இதுதான். காலையில் சாவகாசமாகக் கிளம்பி, பதினொன்றே முக்காலுக்கு சிதம்பரம் கோயில் வாசலில் நிற்பார்கள். நடராஜர் கோயில் பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால், மறுபடி திறக்க மாலை 5 மணி போல ஆகிவிடும். அந்த இடைவெளியில், சரி பிச்சாவரம் போவோம்னு உச்சி வெயிலில் போய்ப் படகில் உட்கார்ந்தால், தலை காய்ந்து, 'எப்படா கரைக்குப் போவோம்' என்றாகிவிடும்.

அதனால், வரிசையை இப்படி மாற்றுங்கள். முதல் நாள் முழுக்கக் கடலூர். காலையில் துறைமுகம், மாலையில் கடற்கரை. ரெண்டாம் நாள் காலையில் பிச்சாவரம், மதியம் சாப்பாடு, ஓய்வு, மாலையில் சிதம்பரம் கோயில். வெயிலும் நடை சாத்தும் நேரமும் உங்கள் பக்கம் வந்துவிடும்.

மாதமும் முக்கியம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை இருந்தால் கடற்கரைப் பக்கம் போகவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, துறைமுகம் களையிழந்து இருக்கும், வஞ்சிரம் விலை எகிறும். நண்பர்கள் தேதி கேட்டால் ஜனவரி, பிப்ரவரி சொல்லுங்கள். காற்றும் இதமாக இருக்கும், காட்டில் பறவைகளும் இருக்கும். தை 5-ம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா, மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடலில் சாமிகளுக்குத் தீர்த்தவாரி. இதில் ஏதாவது ஒன்றுக்கு வந்து மாட்டினால் அவர்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

ரயிலில் வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடலூருக்கு ரெண்டு ஸ்டேஷன். ஒன்று திருப்பாதிரிப்புலியூர், பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருப்பது. இன்னொன்று கடலூர் துறைமுகம் சந்திப்பு, முதுநகரில் இருப்பது. எதில் இறங்கணும்னு டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒரு ஸ்டேஷனிலும் அவர்கள் இன்னொன்றிலுமாக நின்று போனில் கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் நாள் காலை: துறைமுகத்துல ஏலம்

லீவுக்கு வந்தவர்களை விடியற்காலையில் எழுப்பினால் திட்டுவார்கள். பரவாயில்லை, எழுப்புங்கள். முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்து சேர்ந்து, மீன் கரை இறங்கி, ஏலம் போகிற அந்த நேரம்தான் ஊரின் உண்மையான முகம். சங்கரா, வஞ்சிரம், கானாங்கெளுத்தி, நெத்திலி, இறால், நண்டுனு கூடை கூடையாக இறங்கும். ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலக் குரல், வண்டி ஹாரன் எல்லாம் ஒன்றாகக் கேட்கும்.

ரெண்டே விதிதான். ஒன்று, வேலை நடக்கிற வழியில் நிற்காதீர்கள். அது அவர்களின் ஆபீஸ். ரெண்டு, யார் முகத்துக்கு நேரேயும் போனை நீட்டாதீர்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே மீனைத் தூக்கிக் காட்டுவார்கள். மீதிப் பேர் "வேணாம்ப்பா" என்பார்கள். அதோடு விட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது ஒரு கிலோ மீன் வாங்கி வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். மதியம் அது குழம்பாகி வரும்போது, காலையில் பார்த்த ஏலத்துக்கும் தட்டில் இருக்கும் மீனுக்கும் நடுவே நண்பர்களே கோடு போட்டுக்கொள்வார்கள்.

பீரங்கி சுட்டு வாங்கின ஊர்

துறைமுகத்திலிருந்து திரும்பும் வழியில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1690-ல் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான ஷரத்து. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரைக்கும் உள்ள நிலம் எல்லாம் கம்பெனிக்கு! நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. இன்றைக்கும் கடலூரில் குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. தினமும் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டிப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் குண்டு எதுன்னு தெரியும்?

அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவரேதான்.

சென்னை நண்பர்கள் ஓவராக ஊரைப் பற்றிப் பீற்றினால் இன்னொரு அஸ்திரமும் இருக்கிறது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, ஆங்கிலேயர்களின் தலைமையிடம் இங்கே செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்துவிட்டது. 1752 வரை இங்கிருந்துதான் சென்னைக்கும் சேர்த்து நிர்வாகம். தப்பி ஓடிவந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். பிறகு 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையையும் பிடித்து இடித்துவிட்டார்கள்.

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செஞ்சிக் கோட்டை மாதிரி எதுவும் இங்கே நிற்கவில்லை. கெடிலம் ஓரமாகச் சில பழைய கட்டடங்களும் இடிபாடுகளும்தான், எல்லாவற்றுக்குள்ளும் போக முடியாது. கதையைச் சொல்லியபடி அந்தச் சாலையில் மெதுவாக வண்டியை ஓட்டினால் போதும்.

திருப்பாப்புலியூர்: கல்லோடு கரையேறியவர், பேனாவோடு பிறந்தவர்

திருப்பாதிரிப்புலியூரை ஊர் மக்கள் வாய் நிறைய 'திருப்பாப்புலியூர்' என்பார்கள். பாடலீஸ்வரர் கோயிலின் தல மரம் பாதிரி. ஊர்ப் பெயரில் இருப்பதும் அதுதான். திருநாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அவர் மிதந்து வந்து கரையேறியது இங்கே என்பது பெரியபுராணக் கதை. பக்கத்திலேயே 'கரையேறவிட்ட குப்பம்' என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கோயிலுக்கு அவ்வளவு பக்கத்தில் இப்போது கடல் இல்லையே என்று நண்பர்கள் கேட்கலாம். ஆறும் கடலும் சேரும் மண்ணில் கரை நின்ற இடத்தில் நிற்காது என்று சொல்லுங்கள். மேப்பில் பார்த்த அதே கதைதான்.

புத்தகம் படிக்கிற நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத் தனியாக ஒரு தகவல். புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது இந்தத் திருப்பாப்புலியூரில். ஜெயகாந்தன் 1934-ல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். தமிழ்ச் சிறுகதையின் ரெண்டு பெரிய பெயர்கள் ஒரே ஊரின் ரெண்டு பேட்டைகளில்!

பாரதியும் உண்டு. பத்து வருடம் பாண்டிச்சேரியில் இருந்துவிட்டு 1918 நவம்பரில் வெளியே வந்தவரைப் பிரிட்டிஷ் போலீஸ் பிடித்து அடைத்தது கடலூர் சிறையில். நாம் பாண்டிக்கு ஓடுகிறோம். அவர் பாண்டியை விட்டு வந்து நம் ஊர்ச் சிறையில் இருந்தார்.

மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்ட பிறகு, நேரம் இருந்தால் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்கு ஒரு நடை போய் வரலாம். கெடிலக் கரைக் கோயில். எதிரே சின்னக் குன்றின் மேல் ஹயக்ரீவர் சந்நிதி, பரீட்சை நேரத்தில் மாணவர்கள் கூட்டம் அலைமோதும். முகூர்த்த நாளில் மட்டும் போய்விடாதீர்கள். ஒரே நாளில் அத்தனை கல்யாணம் நடக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

மாலை: சில்வர் பீச்சில் காலை நனைக்கலாம், நீந்த வேண்டாம்

தேவனாம்பட்டினம் கடற்கரைதான் சில்வர் பீச். அகலமான மணல், பஜ்ஜிக் கடை, பட்டம், சுண்டல், குதிரை எல்லாம் உண்டு. சாயங்காலம் பாதிக் கடலூர் இங்கேதான் இருக்கும். நண்பர்களுக்குப் பிடிக்காமல் போகாது.

ஆனால், இங்கே விருந்தாளிகளைவிட நீங்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். வெளியூர்ப் பசங்களுக்கு அலை மட்டும்தான் தெரியும், இழுப்பு தெரியாது. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு குறுகலான வழியைப் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே ஓடும். பார்ப்பதற்கு அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். 'இங்க சேஃப் மச்சி' என்று இறங்குவது சரியாக அங்கேதான்! மாட்டிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரும் கரையை நோக்கி நேராக நீந்தி நீந்திக் களைத்துப் போவார். அப்போது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பை விட்டு வெளியே வந்து, பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் பதறாமல் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். கரையில் இருப்பவர் காப்பாற்றுகிறேன் என்று குதிக்காமல் கயிறு, கேன், ட்யூப் எதையாவது வீசி, பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கத்திக் கூப்பிட வேண்டும். முழங்கால் அளவோடு நிறுத்திக்கொண்டால் இது எதுவுமே தேவைப்படாது. தண்ணி அடித்தவரைத் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி ஏறி வந்த கரை இது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்கள் நண்பர்களில் பலர் அப்போது கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள், சிலர் பிறந்தே இருக்க மாட்டார்கள். செல்ஃபி எல்லாம் எடுத்து முடித்த பிறகு, ஒரு ரெண்டு நிமிடம் இதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில், தெருவில் யாராவது அன்றைக்குக் கடற்கரையில் இருந்திருந்தால் அவர் சொன்னதைச் சொல்லுங்கள். மறுநாள் பிச்சாவரத்தில் இந்தப் பேச்சுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது.

ரெண்டாம் நாள்: போகிற வழியை மறைக்காதீங்க

காலையில் சீக்கிரமே சிதம்பரம் சாலையில் கிளம்புங்கள். கடலூரைத் தாண்டியதும் சிப்காட் வரும். சில நாள்களில் ஜன்னலைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் வாடை அடிக்கும். "என்னடா ஸ்மெல் இது?" என்பார்கள். ஊர் மானம் போகிறதே என்று பேச்சை மாற்ற வேண்டாம். ரசாயன ஆலைகள் இருக்கும் பகுதி, காற்றும் நிலத்தடி நீரும் கெட்டுப்போவதைப் பற்றி இங்கே இருக்கும் கிராமத்து மக்கள் பல வருடங்களாகப் போராடி வருகிறார்கள் என்று நேராகவே சொல்லுங்கள். அழகை மட்டும் காட்டினால் அது விளம்பரம்.

வழியில் இடதுபக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் இடம். பரங்கியர் வந்து இறங்கிய பேட்டை என்பதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் ஆவணங்களில் 'போர்ட்டோ நோவோ', அதாவது போர்ச்சுகீசிய மொழியில் புதுத் துறைமுகம். 1781 ஜூலை 1-ம் தேதி ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரிய சண்டை நடந்தது இங்கே. 1830-களில் ஓர் இரும்பு ஆலையே இயங்கியது. இப்போது பள்ளிவாசல்களும் தர்காக்களும் மீனவக் குப்பங்களும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் உள்ள அமைதியான ஊர். நேரம் குறைவு என்றால் ஒரு டீயோடு நகர்ந்துவிடலாம்.

பிச்சாவரம் போகும் வழியில் கிள்ளை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி இந்தக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் தர்காவில் முஸ்லிம்கள் சாமிக்கு வரவேற்பு கொடுப்பது வழக்கம். இதைச் சொல்லும்போது வெளியூர் நண்பர்கள் கண்ணை விரிப்பார்கள். இங்கே இருப்பவர்களுக்கு இது வருடா வருடம் நடப்பது.

பிச்சாவரம்: அலையை ஆற்றும் காடு

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இருக்கும் காடு இது. சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸும் உண்டு. காலையில் படகுத்துறை திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாய்களில்தான் போகும். தலைக்கு மேல் கிளைகள் கூரை போட்டிருக்கும் குறுகலான சந்துகளுக்குள் போகத் துடுப்புப் படகுதான் சரி. எத்தனை மணி நேரம், எந்த வழி, எவ்வளவு கட்டணம் என்பதை ஏறும் முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டோவுக்காகக் கழற்றக் கூடாது. தண்ணீர் இறக்கத்தில் இருக்கும்போது சில சந்துகளில் படகு நுழையாது. அது படகோட்டி அண்ணன் தப்பில்லை, கடலின் கணக்கு.

எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி', கமலின் 'தசாவதாரம்' ஷூட்டிங் நடந்த இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் மரத்தின் காலைக் காட்டுங்கள். சுரபுன்னை மரம் வளைந்த வேர்களை ஊன்றுகோல் மாதிரி சேற்றில் ஊன்றி நிற்கும். வேறு சில மரங்களின் வேர் சேற்றிலிருந்து ஆணி அடித்த மாதிரி மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். உப்புச் சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி தொங்கி, பிறகுதான் தண்ணீரில் விழும். விழுந்த இடத்திலோ மிதந்து ஒதுங்கிய இடத்திலோ உடனே வேர்பிடிக்க ரெடி.

இதைத் தமிழில் அலையாத்திக் காடு என்பார்கள். அலையை ஆற்றுகிற காடு. 2004-ல் அந்தப் பெயர் உண்மையானது. முந்தின நாள் சில்வர் பீச்சில் சொன்னதன் தொடர்ச்சி இதுதான். காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் பெரும்பாலும் தப்பித்தன. கடலைப் பார்த்து மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர் திட்டு என்ற மீனவக் கிராமம் அழிந்தது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த கட்டுரையும், அடர்ந்த மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்றே சொன்னது. கிராமம் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதும் காரணம்தான் என்று வாதிட்ட விஞ்ஞானிகளும் உண்டு. எப்படியானாலும் அன்றைக்குப் பிறகு இங்கே யாரும் இதை வெறும் புதர் என்று சொல்வதில்லை.

இந்தக் காடே ஒரு காலத்தில் பெரும் பகுதி வெட்டப்பட்டு, மண் தாழ்ந்து, உப்பு ஏறி, மரம் முளைக்காத தரையாகிப் போனது. பிறகு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, கடல் நீர் ஏறி இறங்க வழிசெய்து, மறுபடி நட்டு வளர்த்த பகுதிகளும் நீங்கள் பார்க்கும் பச்சையில் அடக்கம். அதில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எறிவதற்கு முன்னால் நண்பர்கள் யோசிப்பார்கள். யோசிக்கலைன்னா நீங்க திட்டலாம், உங்க ஊர்.

கடைசியாக, தில்லை மரம் எதுன்னு படகோட்டியிடம் கேளுங்கள். தூரத்திலிருந்து காட்டச் சொல்லுங்கள், கிளையை ஒடிக்க வேண்டாம். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் பார்வையே கெடும். சிதம்பரம் கோயிலின் தல மரம் இதுதான். தில்லைன்னு ஊருக்குப் பெயர் வந்தது இதனால்தான். இன்றைக்கு ஊருக்குள் அந்தக் காடு இல்லை. பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம்தான் வர வேண்டும். பிச்சாவரத்தை முதலில் பார்த்துவிட்டு சிதம்பரம் போகச் சொல்வதற்கு வெயிலைத் தாண்டிய காரணம் இதுதான்.

சிதம்பரம்: காலி இடத்துக்கு ஒரு கோயில்

மதியம் சிதம்பரத்தில் சாப்பிட்டு, எங்காவது ஃபேன் காற்றில் உட்கார்ந்துவிட்டு, நடை திறந்ததும் கிழக்குக் கோபுரம் வழியாக உள்ளே போங்கள். நேராக சந்நிதிக்கு ஓட வேண்டாம். கோபுர வாசலின் ரெண்டு பக்கச் சுவரிலும் பாருங்கள். பரதநாட்டியத்தின் 108 கரணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். நண்பர்களில் யாராவது பரதம் படித்திருந்தால், அவரை அங்கிருந்து நகர்த்துவது உங்கள் சாமர்த்தியம். ஒவ்வொரு வருடமும் மகா சிவராத்திரியை ஒட்டி இங்கே நாட்டியாஞ்சலி தொடங்கும். 1981-லிருந்து நடக்கிறது.

உள்ளே பொற்கூரை வேய்ந்த சிற்றம்பலம். கூரையில் 21,600 ஓடுகள், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்பது மரபு. நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு திரை. அதை விலக்கினால் தொங்கும் தங்க வில்வ மாலைகள், அவ்வளவுதான். சிலை இல்லை. ஆகாயம்தான் அங்கே சாமி. இதுதான் சிதம்பர ரகசியம். கும்பிடாத நண்பர்களுக்கும் இது பிடிக்கும். இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டி, நடுவில் ஒன்றுமில்லாத இடத்தை வைத்திருக்கிறார்கள் என்பது யாரையும் ஒரு நிமிடம் நிறுத்தும்.

சயின்ஸ் பிரியர்களுக்கு ஒன்று. துகள் இயற்பியல் ஆராய்ச்சி நடக்கும் ஜெனீவாவின் 'செர்ன்' வளாகத்தில் 2004-ல் இந்தியா பரிசளித்த நடராஜர் சிலை நிற்கிறது. அந்த ஆட்டத்தின் ஊர் இது.

பக்கத்திலேயே கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதி. ஓரிடத்தில் நின்றபடி ரெண்டு பேரையும் பார்க்கலாம், அந்த இடத்தைத் தவறாமல் காட்டுங்கள். உடை விஷயத்தில் கவனம். ஷார்ட்ஸ் வேண்டாம். சந்நிதிக்கு அருகே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் ரெண்டுக்கும் மூலவர் நடராஜரே தேரில் வெளியே வருவார். மற்ற கோயில்களில் பொதுவாக மூலவர் நகர மாட்டார். கூட்டம் பிரச்னை இல்லை என்பவர்களை அப்போது வரச் சொல்லுங்கள்.

சாப்பாடு

சிதம்பரத்தில் கொத்சு கேளுங்கள். கத்திரிக்காயை மசித்துச் செய்யும் இந்த ஊர் கொத்சு, இட்லிக்கு வைக்கும் சாதாரண சைடிஷ் இல்லை. கோயில் பிரசாதமான சம்பா சாதத்துக்கு ஜோடி. கடலூரில் மீன். மே, ஜூனில் வந்தால் பண்ருட்டிப் பலா. ஊருக்குப் போகும்போது பையில் ஒரு பாக்கெட் முந்திரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. பலா மரம் ஒரே வருடத்தில் காய்க்காது. சாய்ந்த தோப்புகளில் மறுபடி நட்டு, வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். பாக்கெட்டைக் கொடுக்கும்போது அதையும் சொல்லிக் கொடுங்கள்.

மூணாவது நாள் கிடைச்சா?

ரெண்டு வழி. வடலூர் போனால், 1867-ல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. யார் போனாலும் சோறு உண்டு, யாரும் ஊர் பேர் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் உள்ள சத்திய ஞானசபைக்குள் புலால் உண்ணாதவர்கள் மட்டுமே போகலாம் என்பது விதி, அதை மதிக்கணும்.

இல்லையென்றால், காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரி. 'பொன்னியின் செல்வன்' நாவலில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் காட்சி இந்தக் கரையில்தான். சென்னை நண்பர்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் இந்த ஏரிக்கும் பங்கு உண்டு என்பதை மறக்காமல் ஞாபகப்படுத்துங்கள்.

கிளம்பும் முன்...

நண்பர்கள் வருவதற்கு முந்தின வாரம் ஒரு மாலை மட்டும் ஒதுக்குங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் யாராவது ஒருவரிடம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். சுனாமி அன்றைக்கு எங்கே இருந்தீங்க? தானே புயலுக்கு அப்புறம் எத்தனை நாள் கரன்ட் இல்லை? நீங்க சின்ன வயசுல இந்த ஆறு எப்படி இருந்துச்சு? மேலே சொன்ன வருடங்களும் பெயர்களும் எந்த போனிலும் கிடைக்கும். இந்த மூன்று பதில்கள் உங்களிடம் மட்டும்தான் கிடைக்கும். 'இங்க என்னடா இருக்கு' என்று டைப் செய்யும் முன்னால், அதை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.